பாண்டிக்குப் போறீங்களா, பாருக்குப் போறீங்களா?

முதல்லயே சொல்லிடறேன், இது மதுவிலக்குப் பதிவு இல்லீங்க. யாரு எங்க என்ன குடிக்கறாங்கங்கறது அவங்கவங்க ஈரலோட பிரச்சினை. அதுல மூக்கை நுழைக்க எனக்கு ஆசையும் இல்ல, தகுதியும் இல்ல. என் சண்டை சாப்பாட்டப் பத்தினது.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல்னு நம்ம சுத்துவட்டாரத்துல பொட்டி தட்டுறவன், பனியன் கம்பெனிக்காரன், மோட்டார் பட்டறைக்காரன், கோழிப்பண்ணைக்காரன் யாரைக் கேட்டாலும் பாண்டிக்கு ஒரு தடவையாவது போயிட்டு வந்திருப்பான். சேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம்னு ராத்திரி பூரா வண்டிய ஓட்டிட்டு, விடியக்காலம் போய்ச் சேருவாங்க. திரும்பி வந்தவன்கிட்ட "அங்க என்ன சாப்ட்ட?"ன்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு செகண்டு முழிப்பான். அப்புறம் "சிக்கன் 65"ம்பான். சில பேரு கொஞ்சம் யோசிச்சு "கோபி மஞ்சூரியன்"ம்பான்.

ஏனுங்க, இதுக்கா முன்னூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல டீசலைக் கொளுத்திட்டுப் போனீங்க? காந்திபுரத்துல பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல நின்னு கை நீட்டுனா கெடைக்கற பண்டமாச்சே அது!

இது முதல் கோஷ்டி. ரெண்டாவது கோஷ்டி ஒண்ணு இருக்குது, அவங்க மேல எனக்கு இன்னும் கோவம் ஜாஸ்தி. "நாங்க குடிக்கறதுக்குப் போகல, கல்ச்சருக்காகப் போனோம்"னு சொல்ற கோஷ்டி. மஞ்சச் சுவரு, மேல காகிதப்பூ, முன்னால இவரு சைடு போஸ்ல. துமா வீதி, சுஃப்ரென் வீதி, ரோமேன் ரோலான் வீதின்னு தெருப்பலகை ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு போட்டோ. சாப்பாடு? விறகடுப்பு பீட்சா. அட சாமி, பீட்சா இத்தாலிக்காரனோடதுங்க! பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருக்குப் போயி, இத்தாலிக்காரன் பண்டத்தைத் தின்னுட்டு, "ஃபிரெஞ்ச் வைப்"னு போடறதுக்கு ஒரு தனித்திறமை வேணும்.

ரெண்டு கோஷ்டியும் ஒரே தப்பைத்தான் பண்ணுது. ஊரைப் பாத்துட்டு வருது, ஊரைச் சாப்பிடாம வருது.

"பாண்டிக்குன்னு தனியா என்னய்யா சாப்பாடு இருக்குது?"ன்னு கேக்கறவங்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்றேன்.

1674 வாக்குல பிரெஞ்சுக் கம்பெனிக்காரங்க அங்க கால் ஊனினாங்க. நடுவுல டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிப் போயி திரும்பி வந்து, 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. சட்டப்படி முழுசா இணைஞ்சது 1962ல. கிட்டத்தட்ட 280 வருசம். இத்தனை வருசத்துல ரெண்டு அடுப்பு ஒண்ணையொண்ணு பாத்துக்காமயா இருந்திருக்கும்? பிரெஞ்சு வீடுகள்ல அடுப்படியில நின்னது தமிழ்க் கைங்க. பூயாபேஸ்னு மார்செய் பக்கத்து மீன் சூப்பு, பாண்டிக்கு வந்து மஞ்சளும் மிளகும் சேத்துக்கிச்சு. கறியை ரகூன்னு வெச்சாங்க, ஆனா தாளிப்பு நம்ம தாளிப்பு. கோவாக்காரங்க விண்டாலூவோட சொந்தக்காரன் மாதிரி, வினிகரும் பூண்டும் போட்டு விண்டாயில்னு ஒண்ணு. கிறிஸ்துமஸுக்கு விவிக்கம்னு ஒரு கேக்கு, மைதாவுக்குப் பதிலா ரவை, நெய்யி, ரம்முல ஊறின பழம். ரவையில கேக்கு செய்யணும்னு பாரீஸ்காரனுக்குத் தோணுமா? தமிழச்சிக்குத்தான் தோணும்.

இதுல வியட்நாமும் உண்டு. பாண்டியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துல சேந்து இந்தோசீனாவுக்குப் போன தமிழருங்க, அங்க கல்யாணம் கட்டி, குடும்பத்தோட திரும்பி வந்தாங்க. அவங்க வீட்டு அடுப்புல அரிசித்தாள்ல சுருட்டிப் பொரிச்ச ரோலும், சாம்பாரும் பக்கத்து பக்கத்துல இருந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை வடகத்தோட கதைதான். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடிச்சு, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிச்சு, வெயில்ல காயவெச்சு எடுத்தா தாளிப்பு வடகம். வடவம்னும் சொல்லுவாங்க. பாண்டி, கடலூர், விழுப்புரம் பக்கம் பாட்டிங்க மொட்டை மாடியில காக்கா விரட்டிக்கிட்டே செய்யுற சாமான். அதைப் பிரெஞ்சுக்காரன் கப்பலேத்தி, வாயில நுழையற மாதிரி "வடூவான்"னு கூப்பிட்டான். 2000களோட பிற்பகுதியில அமெரிக்காவுல பெரிய பெரிய செஃபுங்க எல்லாம் "ஃபிரெஞ்ச் கறி மசாலா"ன்னு அதைக் கண்டுபிடிச்சுக் கொண்டாடினாங்க. குட்டி டப்பாவுல அடைச்சு நல்ல விலைக்கு இன்னிக்கும் விக்கறாங்க. நம்மாளு பாண்டிக்குப் போயிட்டு வரும்போது பையில என்ன இருக்கும்னு நான் சொல்லோணுமா? செக்போஸ்ட் போலீஸ்காரரைக் கேளுங்க.

இப்ப கொஞ்சம் தூரமாப் போலாம். ஆன்சைட்டுல ஆணி புடுங்கிட்டு இருந்த காலத்துல ஒரு சனி ஞாயிறு ஸ்பெயினோட வடக்கு ஓரத்துல இருக்கற சான் செபாஸ்டியனுக்குப் போயிருந்தேன். அந்த ஊர்க்காரங்க பாஸ்க் மொழியில டொனோஸ்டியான்னு சொல்லுவாங்க. லா கோஞ்சான்னு பிறை நிலா மாதிரி வளைஞ்ச கடற்கரை, அதுக்கு வெள்ளைக் கம்பி வேலி, பின்னால ராஜா ராணிங்க கோடைக்கு வந்து தங்கின அரண்மனை. அழகுதான். ஆனா அந்த ஊருக்கு உலகம் பூரா இருந்து ஆளுங்க வர்றது மணலுக்காக மட்டும் இல்ல, வயித்துக்காக.

அங்கயும் எல்லாரும் குடிக்கத்தான் செய்யறாங்க, அதையும் சொல்லிடறேன். சக்கொலின்னு ஒரு வெள்ளை ஒயினை நம்ம டீ மாஸ்டர் மாதிரி கையத் தூக்கி உசரத்துலருந்து ஊத்தறாங்க. ஆனா கடைக்குள்ள போனதும் கண்ணுல படறது பாட்டில் இல்ல. கவுண்டர் பூரா வரிசையா அடுக்கின சின்னச் சின்னத் தட்டு. பிஞ்சோன்னு பேரு. ஒரு துண்டு ரொட்டி மேல ஏதோ ஒண்ணு, சரியாம இருக்க ஒரு குச்சி. ஒரு கடையில ஒண்ணு, ரெண்டு. அதோட அடுத்த கடை. ஏன்னா ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஐட்டம்தான் பேரு. இந்தக் கடையில காளான், அந்தக் கடையில இறால். கில்டான்னு ஒண்ணு இருக்குது. ஒரு ஆலிவ் காய், ஊறப்போட்ட பச்சை மிளகாய், ஒரு நெத்திலி, மூணையும் குச்சியில குத்தினது. அவ்வளவுதான். 1946ல வந்த ஒரு ஹாலிவுட் படத்தோட பேரை அதுக்கு வெச்சிருக்காங்க. ஊறுகாய் மிளகாயும் நெத்திலியும் நம்மூட்டுல இல்லாத சாமானா?

பாருங்க, நம்ம தமிழ்ல ஒரு வார்த்தை இருக்குது: சைடு டிஷ். இல்லாட்டி டச்சிங்ஸ். அதாவது மெயின் டிஷ் பாட்டிலு. சோறு, கறி, மீனு எல்லாம் அதுக்குப் பக்கவாத்தியம். டொனோஸ்டியாவுல பாட்டிலுதான் பக்கவாத்தியம். ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற முக்கியமான வித்தியாசம் இதுதான். மத்தபடி ரெண்டும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிங்க மாதிரி. ரெண்டும் கடலோரம். ரெண்டுலயும் நேர்க்கோட்டுத் தெரு. ரெண்டு ஊரையும் இங்கிலீஷ்காரன் பட்டாளம் நாசம் பண்ணி, திரும்பக் கட்டினது. பாண்டியை 1761ல தரைமட்டம் ஆக்கினான். டொனோஸ்டியாவை 1813 ஆகஸ்ட் 31ஆம் தேதி இங்கிலீஷ், போர்ச்சுகீசியப் படைங்க கொள்ளையடிச்சு எரிச்சாங்க. தப்பிச்ச ஒரே தெருவுக்கு இன்னிக்கு "ஆகஸ்ட் 31 தெரு"ன்னே பேரு. அந்தத் தெருவுலதான் லா வின்யாங்கற கடை. மேல கருகின மாதிரி இருக்கற பாஸ்க் சீஸ்கேக்கு உலகத்துக்குக் கெடைச்சது அந்தக் கடையிலிருந்துதான்.

"அவங்க வெள்ளைக்காரங்க, காசு இருக்குது, செய்யறாங்க"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும்னு தெரியும். நிறுத்துங்க. அந்த ஊரோட ஜனத்தொகை ரெண்டு லட்சத்தைத் தொடாது. பாண்டி நகராட்சியே 2011 கணக்குப்படி 2.44 லட்சம். அவங்க சாப்பாடு ஒண்ணும் ராஜா வீட்டுச் சாப்பாடும் இல்ல. நெத்திலி, உப்புக் கருவாடு, பச்சை மிளகாய், முட்டை, உருளைக்கிழங்கு. செம்படவன் வீட்டுச் சாமான்.

காசைவிட அவங்ககிட்ட அக்கறை இருந்துச்சு. 19ஆம் நூற்றாண்டுலருந்து அந்த ஊர்ல சமையல் சங்கங்கள் இருக்குது. சங்கம்னா கூடிப் பேசறதுக்கு இல்ல, கூடிச் சமைக்கறதுக்கு. வக்கீலு, கொத்தனாரு, பேங்க் ஆபீசரு எல்லாம் ஒரே அடுப்படியில நின்னு வெங்காயம் நறுக்குவாங்க. (பல சங்கங்கள்ல பொம்பளைங்களை ரொம்பக் காலம் உள்ள விடல, அது அசிங்கம்தான். ஆனா நம்மூர் ஆம்பளைங்க அதைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அடுப்படிக்குப் போய் உப்பு டப்பா எங்க இருக்குதுன்னு பாத்துட்டு வரட்டும்.)

இன்னொண்ணு. ஃபிராங்கோ சர்வாதிகாரம் நடந்தப்ப பாஸ்க் மொழியைப் பொது இடத்துல பேசறதுக்கே தடை. 1975ல அந்த ஆளு செத்தான். அடுத்த வருசமே ஹுவான் மாரி அர்சாக், பெத்ரோ சுபிஹானான்னு ரெண்டு செஃபுங்க முன்ன நின்னு, இன்னும் பத்துப் பன்னெண்டு பேரைச் சேத்துக்கிட்டு, மறந்துபோன பாஸ்க் பலகாரங்களைத் தேடிப் புடிச்சு, சமைச்சுக் காட்டினாங்க. மொழி, ஊரு, சோறு மூணும் ஒரே மானம்னு நெனச்சாங்க. 2011ல சமையலுக்குன்னே பல்கலைக்கழகப் படிப்போட ஒரு நிலையத்தை அந்த ஊர்லயே ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு ஊருக்குள்ளயும் ஊரை ஒட்டியுமா மிஷலின் மூணு நட்சத்திர ஓட்டலுங்க மூணு. மொழிக்காக உயிரையே குடுத்தவங்க நாம. மொழிப்போர்னா நரம்பு புடைக்குது. அந்த மொழி பேசின அடுப்பு அணைஞ்சா மட்டும் ஏன் ஒண்ணும் தோண மாட்டேங்குது?

அடுத்த கேள்வி. "பாண்டிக்காரனே கவலைப்படல, உனக்கென்னய்யா?"

பாண்டிக்காரங்க கவலைப்படலைன்னு யாரு சொன்னா? 1980களோட கடைசியில கட்டின துறைமுகத்தோட தடுப்புச்சுவர், தெக்கிலிருந்து வடக்க போற மணலை மறிச்சு, ஊரோட கடற்கரையே காணாமப் போச்சு. ரொம்ப வருசத்துக்கு அங்க வெறும் பாறாங்கல்லுதான். அந்த ஊர்க்காரங்க விடாமக் கத்தினாங்க. அப்புறம் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில ஒரு செயற்கைத் திட்டு போட்டதுக்கப்புறம் கொஞ்சம் மணல் திரும்பி வந்துச்சு. 2014 நவம்பர் மழையில பழைய மேரி கட்டிடம் இடிஞ்சு விழுந்துச்சு. பழைய தோற்றத்துலயே திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க. தமிழ்ப் பகுதியில வைசியாள் வீதியைத் திண்ணையும் தாழ்வாரமுமா மீட்டு எடுத்தாங்க. அதுக்கு யுனெஸ்கோ விருதும் கெடைச்சுது.

ஆக மணலைத் திரும்பக் கொண்டு வரலாம். இடிஞ்ச கட்டிடத்தை போட்டோவப் பாத்துத் திரும்பக் கட்டலாம். விண்டாயிலோட கைப்பக்குவம் போச்சுன்னா எந்த போட்டோவப் பாத்துக் கட்டுவீங்க? ஆனந்தரங்கப் பிள்ளை 1736லருந்து 1761 வரைக்கும் கப்பல் வந்தது, துரை கோவிச்சுக்கிட்டது, ஊர் வம்பு வரைக்கும் விடாம டைரி எழுதின ஊரு அது. அந்த ஊரோட அடுப்படியை எழுதினவங்கன்னு பாத்தா விரல் விட்டு எண்ணிடலாம். லூர்து திருவஞ்சியம் லூயின்னு ஒரு அம்மா 2012ல பாண்டிச்சேரிச் சமையலுக்குன்னு ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் போட்டாங்க. அவங்களுக்கு ஒரு கும்பிடு. இந்தச் சமையல் இருந்தது ஓட்டல்ல இல்ல, வீட்டுல. அந்த வீட்டுப் புள்ளைங்க பல பேரு பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோட பாரீஸ் பக்கம் போயாச்சு. மிச்சம் இருக்கறது வயசான பாட்டிங்க.

இதுல நமக்கு எங்க பங்கு வருதுன்னா, ஓட்டல்காரன் யாரைப் பாத்து மெனு போடறான்? உங்களையும் என்னையும் பாத்துத்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில வந்து இறங்கற கூட்டம் சிக்கன் 65 கேட்டா அவன் சிக்கன் 65 போடுவான். பீட்சா கேட்டா பீட்சா போடுவான். "உங்க ஊரு மீனு எப்படி வெப்பீங்க?"ன்னு கேக்கறவன் நூத்துல ஒருத்தன் கூட இல்லைன்னா, அதைச் செய்யத் தெரிஞ்சவளை வேலைக்கு வெக்க அவனுக்கு என்ன தலையெழுத்தா? ஒரு தடவை வொயிட் டவுன் ஓட்டல் ஒண்ணுல (பேரு வேண்டாம்) "பாண்டிச்சேரி ஐட்டம் என்னங்க இருக்குது?"ன்னு கேட்டேன். சர்வர் தம்பி ரொம்ப நேர்மையா "பீர் இருக்குது சார்"னான். அவனைத் திட்டி என்ன பிரயோசனம்? நாம சொல்லிக் குடுத்த பதிலைத்தான் அவன் திருப்பிச் சொன்னான்.

"சாப்பாட்டுக்குப் பேரு வாங்கினா கூட்டம் குவிஞ்சு ஊரு கெட்டுப் போகும்"னும் ஒரு வாதம் உண்டு. அது நெஜந்தான். டொனோஸ்டியாவுலயே வாடகை ஏறுது, ஊர்க்காரங்க முணுமுணுக்கறாங்க. சுற்றுலாக் குழு 25 பேருக்கு மேல போகக்கூடாதுன்னு 2024ல கட்டுப்பாடே கொண்டு வந்தாங்க. ஆனா பாண்டிக்குக் கூட்டம் ஏற்கனவே குவிஞ்சாச்சுங்க. இனிமே அந்தக் கூட்டம் வாந்தி எடுத்துட்டுப் போகணுமா, வடகம் வாங்கிட்டுப் போகணுமாங்கறதுதான் கேள்வி.

சரி, பாண்டியை விடுங்க. இப்ப நம்மூட்டுக்கு வாங்க, வண்டி அங்கதான் வந்து நிக்கோணும்.

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம் கஃபேக்குப் போனா பாஸ்க் சீஸ்கேக்கு கெடைக்குது. ஆகஸ்ட் 31 தெருவுல பொறந்த பண்டம் அவினாசி ரோட்டைத் தாண்டி வந்திருச்சு. சந்தோசம், நானும் தின்னிருக்கேன், நல்லாவே இருந்துச்சு. நம்ம சந்தகை எத்தனை தூரம் போயிருக்குது? அரிசியை ஊறப்போட்டு ஆட்டி, இட்லியா வேகவெச்சு, சூடு ஆறறதுக்குள்ள கட்டையில போட்டு ரெண்டு பேரு அமுக்கிப் புழிஞ்சு, தேங்காப்பாலு ஊத்தித் தின்ன அந்தச் சந்தகை, ரெடிமேட் பாக்கெட் சேவைக்குப் பக்கத்துல தோத்துப் போய் நிக்குது. "கொங்கு"ன்னு போர்டு வெச்ச கடைக்குப் போனா பள்ளிபாளையம் சிக்கன், பரோட்டா, முடிஞ்சுது. அரிசிம்பருப்பு எங்க? கொள்ளுப் பருப்பு எங்க? பச்சைப்பயிறு கடைசல் எங்க? செலவு ரசம் எங்க? கச்சாயமும் ஒப்புட்டும் எங்க? ஒண்ணு ரெண்டு கடைங்க இருக்குது, இல்லைங்கல. ஒரு சீமைக்கு ஒண்ணு ரெண்டு போதுமா?

கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல வாங்கினோம். அரைக்கற மிசினுக்குப் பட்டா இருக்குது, அரைக்கற சாமானுக்குப் பட்டா இருக்குது. அரைச்சதை வெச்சு என்ன செஞ்சோம்கறதுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. பம்புசெட்டைக் கழட்டிப் போட்டா நட்டு, போல்ட்டு, வாஷர் முதக்கொண்டு வரைபடம் போடற ஊரு இது. அம்மாயி செலவு ரசத்துக்கு என்னென்ன போட்டாங்க, எத்தனை போட்டாங்கன்னு கேட்டா இஞ்சினியரு முழிக்கறாரு. "கையளவு"ன்னு ஒரு பதில். அந்தக் கையி இன்னும் எத்தனை வருசத்துக்கு இருக்கும்?

அதனால மக்களே, நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல.

அடுத்த தடவை பாண்டிக்குப் போனா, மஞ்சச் சுவத்துல போட்டோ எடுத்து முடிச்சதும் பெரிய வாய்க்காலைத் தாண்டுங்க. அந்தப் பக்கம்தான் தமிழ் ஊரு. காலையில பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன்காரம்மாகிட்ட "இதை உங்க ஊர்ல எப்படி வெப்பீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. திட்ட மாட்டாங்க, நான் கேட்டிருக்கேன். ஓட்டல்ல உக்காந்தா மெனு கார்டைப் புரட்டறதுக்கு முன்னாடி அந்த ஊர் ஐட்டம் என்னன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா "ஏன் இல்ல?"ன்னும் கேளுங்க. பத்துப் பேரு கேட்டா பதினோராவது ஆளுக்குக் கெடைக்கும். வரும்போது கால் கிலோ வடகம் வாங்கிட்டு வாங்க. செக்போஸ்ட்டுல யாரும் புடிக்க மாட்டாங்க.

வந்ததும் பதிவு போடுங்க. எந்தத் தெரு, என்ன தின்னீங்க, என்ன விலை, எப்படிச் செஞ்சாங்க. கடலலை, நிலா, தனிமைன்னு கவிதை எழுதினது போதும். அதுவே ஒரு ஆயிரம் இருக்குது, நானும் ரெண்டு எழுதி டிராஃப்ட்ல வெச்சிருக்கேன், போட மாட்டேன் பயப்படாதீங்க :-)

பாண்டிக்குப் போகாதவங்க இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தராசு எடுத்துக்கிட்டு அம்மாயி, அப்பத்தா யாரு இருக்காங்களோ அவங்க பக்கத்துல உக்காருங்க. அவங்க கையளவு போடறதுக்கு முன்னாடி வாங்கித் தராசுல வெச்சுட்டுக் குடுங்க. திட்டுவாங்க. "படிச்சவன் பண்ற வேலையாடா இது"ன்னு சிரிப்பாங்க. எழுதிக்கிட்டே இருங்க.

பின்னூட்டத்துல உங்க ஊரு ஐட்டம் ஒண்ணு, கிராம் கணக்கோட எழுதுங்க. சும்மா "ரிப்பீட்டேய்", "மீ த ஃபர்ஸ்ட்டு" போடறவங்களுக்கு ஒரு பிளேட் சிக்கன் 65 பார்சல் அனுப்பப்படும்.